பாதசாரி என்று எழுதப்படும் தொழிலாளி

நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும் செய்தி இது. நான்குவழிச் சாலையின் சென்டர் மீடியனில் அரளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் மீது லாரி மோதியது. அல்லது, விடியற்காலையில் சாலையோர மணலைக் கூட்டிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் மீது கார் மோதிவிட்டு நிற்காமல் சென்றது. ஊர் மாறும், எண்ணிக்கை மாறும், 'ஓட்டுநர் தூக்கக் கலக்கத்தில் இருந்ததாகக் கூறப்படுகிறது' என்ற வரி மட்டும் மாறாது. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் அதில் என்ன இல்லை என்று பாருங்கள். இறந்தவரை அங்கே நிறுத்தியது யார் என்று இருக்காது. எந்த ஒப்பந்ததாரர், எந்தத் துறை, அவர்களுக்குப் பின்னால் எச்சரிக்கைப் பலகை ஏதாவது இருந்ததா, எதுவும் இருக்காது. லாரி வந்தது, மோதியது, செத்தார்கள். மழை பெய்தது என்பது மாதிரி.

காவல் நிலையத்தில் இது இன்னும் ஒரு படி இறங்கும். முதல் தகவல் அறிக்கையில் 'சாலையோரம் நின்றுகொண்டிருந்த', 'சாலையைக் கடக்க முயன்ற' என்று எழுதுவார்கள். வேலை செய்துகொண்டிருந்தவர் பாதசாரி ஆகிவிடுவார். எழுதுகிறவர் கெட்ட எண்ணத்தோடு எழுத வேண்டும் என்றுகூட இல்லை. சாலை விபத்து வழக்குக்கு ஒரு வாசகம் கைவசம் இருக்கிறது, அதை நிரப்புகிறார். ஆனால் அந்த ஒரு வார்த்தையில்தான் வேலை கொடுத்தவர் வழக்கிலிருந்து வெளியே போகிறார். 'பாதசாரி' என்றால் மிச்சமிருப்பது ஓட்டுநரும் வண்டிக்காரரும் காப்பீட்டு நிறுவனமும்தான். வண்டி பிடிபடவில்லை என்றால் அவர்களும் இல்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் சாலை விபத்து அறிக்கை வெளியிடுகிறது. 2022ஆம் ஆண்டில் நாடு முழுக்க 1,68,491 பேர் சாலையில் இறந்ததாக அது சொல்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் நமக்குத்தான். இறந்தவர்களில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் எத்தனை, சைக்கிளில் போனவர்கள் எத்தனை, நடந்து போனவர்கள் எத்தனை என்று பிரித்துக் கணக்கிருக்கிறது. நடந்து போனவர்கள் 32,825 பேர். சாலை வேலை நடந்துகொண்டிருந்த இடங்களில் எத்தனை விபத்து என்றுகூடத் தனியாக ஒரு கட்டம் உண்டு. ஆனால் அந்தச் சாலையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்குக் கட்டம் கிடையாது. அந்த 32,825க்குள் எங்கேயோ நம் ஆட்கள் கிடக்கிறார்கள். அமெரிக்காவில் சாலை வேலைத்தளங்களில் இறக்கும் தொழிலாளர்களைத் தனியாக எண்ணுகிறார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு மேல் என்று அவர்களால் சொல்ல முடிகிறது. நம்மால் ஒரு எண்ணைச் சொல்ல முடியாது. எண்ணப்படாதவர்களுக்காக எந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் பேச ஆரம்பித்தால் உடனே ஒரு கேள்வி வரும். 'எல்லாவற்றிலும் சாதியைக் கொண்டு வராதீர்கள். மோதுகிற லாரிக்குச் சாதி தெரியுமா?' முற்போக்கு நண்பர்களே கேட்டிருக்கிறார்கள். லாரிக்குத் தெரியாது. ஆனால் லாரி வருவதற்கு வெகு முன்பே, அந்த இடத்தில் யார் குனிந்து நிற்பார்கள் என்பது முடிவாகிவிட்டது. நகரங்களில் துடைப்பத்தைப் பிடித்திருப்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியர்கள், பறையர்கள், ஆந்திராவிலிருந்து தலைமுறைகளுக்கு முன் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட தெலுங்கு பேசும் தலித் குடும்பங்கள். நெடுஞ்சாலையில் களை வெட்டுகிறவர்கள் பக்கத்துச் சேரிப் பெண்கள். இரவில் தார் போடுகிறவர்களில் இப்போது பாதிக்கு மேல் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் என்ன சாதி, என்ன பழங்குடி என்று யாரும் கேட்பதுகூட இல்லை. சாக்கடைத் தொழிலாளர்களைப் பற்றி ஒன்றிய அரசே எடுத்த கணக்கு 2024இல் வெளியானது. விவரம் சேகரிக்கப்பட்ட சுமார் 38,000 பேரில் 68.9 விழுக்காடு பட்டியல் சாதியினர். சாலை கூட்டுகிறவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு எடுத்தால் படம் பெரிதாக மாறிவிடும் என்று நம்புகிறவர்கள், ஒரு நாள் விடிகாலையில் தங்கள் வார்டு அலுவலக வாசலில் போய் நின்று பார்க்கலாம்.

சமூகவியல் வகுப்பில் 'கட்டமைப்பு வன்முறை' என்று படித்தோம். யோஹான் கால்டுங் 1969இல் எழுதிய கருத்து. அடித்தவன் என்று ஒருவனைக் கை காட்ட முடியாது, ஆனால் அடி விழுந்திருக்கும். படிக்கும்போது கொஞ்சம் காற்றில் மிதக்கிற சொல்லாகத்தான் தெரிந்தது. சாலை வேலைக்கு வந்த பிறகு அதை மீட்டர் கணக்கில் அளக்கலாம் என்று புரிகிறது.

அளந்து பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் போகும். ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்கு 120 மீட்டர் வேண்டும் என்பது இந்திய சாலைப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. நூறில் வந்தால் 180 மீட்டர். நம் ஊரில் சாலை கூட்டும் பெண்களுக்குப் பின்னால் என்ன வைக்கிறார்கள்? பல இடங்களில் ஒன்றுமே இல்லை. சில இடங்களில் ஒரு சிவப்புக் கோன், பத்தடி தள்ளி. அந்தப் பத்தடியைக் கடக்க அந்த வண்டிக்கு ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு போதும். அந்தக் கோன் யாரையும் காப்பாற்ற வைக்கப்படவில்லை. புகைப்படத்தில் தெரிய வைக்கப்பட்டிருக்கிறது.

செய்யத் தெரியாமல் இல்லை. இந்தியச் சாலைக் குழுமத்தின் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி நூல், சாலையில் வேலை நடக்கும்போது போக்குவரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது. 2014இல் திருத்தி வெளியிட்டார்கள். வேலைத்தளத்தை அது பகுதி பகுதியாகப் பிரிக்கிறது. முதலில், வெகு தூரத்துக்கு முன்பே ஓட்டுநரை எச்சரிக்கும் பகுதி. பிறகு, கோன்களைச் சாய்வாக வைத்து வண்டிகளைப் பக்கத்துப் பாதைக்கு மெல்லத் திருப்பும் பகுதி. அதற்குப் பிறகுதான் ஆட்கள் வேலை செய்யும் இடம். கடைசியில் வண்டிகள் பழைய பாதைக்குத் திரும்பும் பகுதி. கொடி பிடிக்கும் ஆள் எங்கே நிற்க வேண்டும் என்பது வரை இருக்கிறது. இவ்வளவும் எழுதி வைத்திருக்கும் நாட்டில்தான் தண்ணீர் லாரி வேகப் பாதையிலேயே மீடியனை ஒட்டி ஊர்ந்துபோக, அதன் பின்னால் இரண்டு பெண்கள் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். சாலையிலேயே மிக வேகமான பாதை அதுதான். எந்தப் பொறியாளரும் தன் வீட்டு ஆளை அங்கே நிற்க விடமாட்டார்.

சென்னையில் மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளைப் பாருங்கள். ஆளுயரத் தடுப்பு, இரவெல்லாம் மினுக்கும் விளக்கு, விசிலும் மின்னும் கோலுமாகப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் ஆள். அதே சாலையில், அந்தத் தடுப்பை ஒட்டித் தேங்கும் மண்ணை ஒரு அக்கா குனிந்து அள்ளிக்கொண்டிருப்பார். அவருக்குத் தடுப்பு இல்லை. அவர் தடுப்புக்கு வெளியே இருக்கிறார். அமைச்சர் வருகிறார் என்றால் மொத்தச் சாலையையும் நிறுத்தத் தெரிந்த அரசு இது. நிறுத்தும் அதிகாரமும் பொருளும் கையில் இருக்கின்றன. யாருக்காக என்பதுதான் கணக்கு.

ரிஃப்ளெக்டர் கோட்டு கொடுத்திருக்கிறோமே என்பார்கள். அந்தக் கோட்டைப் பற்றியும் பேச வேண்டும். ஒளியைத் திருப்பி அனுப்பும் அந்தப் பட்டை துவைக்கத் துவைக்க மங்கிப்போகும். ஆறு மாதத்தில் அது வெறும் சாம்பல் நிறத் துணி. புதிது எப்போது வரும் என்று கேட்டால் சூப்பர்வைசர் கம்பெனியைக் கை காட்டுவார். ஆண்களின் அளவுக்குத் தைத்த கோட்டு, புடவைக்கு மேல் போட்டால் ஒரு பக்கம் தொங்கும். முந்தானை பட்டையை மறைக்கும். இன்னொன்று, நின்றுகொண்டிருக்கும் ஆளை மனதில் வைத்துச் செய்த உடுப்பு அது. குட்டைத் துடைப்பத்தோடு குனிந்தால் மார்புப் பட்டை தரையைப் பார்க்கும், முதுகுப் பட்டை வானத்தைப் பார்க்கும். பின்னால் வரும் ஓட்டுநருக்குத் தெரிவது இருட்டில் அசையும் ஒரு புடவைத் துணி மட்டும். நீளக் கம்பு வைத்த துடைப்பம் கொடுத்தால் முதுகுவலியும் குறையும், ஆளும் தெரிவார். போக்குவரத்துக்கு எதிர்முகமாகக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னால் வருகிற வண்டியை அவரே பார்ப்பார். இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லை. கேட்டால் 'அப்படித்தான் பழக்கம்' என்கிறார்கள். யாருடைய பழக்கம்?

வெளியிலிருந்து வரும் வண்டி பாதிக் கதைதான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2001இல் சாலை வேலைத்தளங்கள் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நடந்து வேலை செய்பவர்களை, கடந்து செல்லும் வண்டிகள் மட்டும் கொல்லவில்லை, வேலைத்தளத்துக்குள்ளேயே ஓடும் வண்டிகளும் இயந்திரங்களும் அதற்குக் குறையாமல் கொல்கின்றன என்பது அதில் சொன்ன முக்கியமான விஷயம். குறிப்பாகப் பின்னோக்கி வரும் வண்டிகள். நம் ஊர் கம்பாக்டர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். குறுகிய தெரு, பின்னால் குப்பைத்தொட்டி, அதைத் தள்ளும் இரண்டு பேர், ஓட்டுநருக்குப் பின்பக்கம் பெரும்பாலும் கண் மறைவு. 'வா வா வா, ஹோல்டேய்' என்று பக்கவாட்டில் தட்டும் சத்தம்தான் பாதுகாப்பு ஏற்பாடு. அந்த ஆள் தொட்டி தள்ளப் போய்விட்டால் அதுவும் இல்லை. இரவில் குடியிருப்புக்காரர்கள் சத்தம் என்று புகார் செய்ததால் ரிவர்ஸ் அலாரத்தின் வயரைப் பிடுங்கிவிட்டதாக ஓட்டுநர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஊர் தூங்க வேண்டும், அதற்கு வயர் போனால் போகட்டும். தார் போடும் இடத்தில் டிப்பரும் ரோலரும் இப்படித்தான். ஆள் நடக்கும் வழி இது, வண்டி போகும் வழி இது என்று தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டால்கூடப் பாதி உயிர் பிழைக்கும்.

வேலைக்கு வரும் வழியும் இதில் சேர்த்தி. குப்பை வண்டியின் பின்பக்கத்தில், சின்ன யானை வண்டியில் நின்றுகொண்டு, டிராக்டர் டிரெய்லரில் மண்வெட்டிகளோடு. கவிழ்ந்தால் காப்பீட்டு நிறுவனம், 'சரக்கு வாகனத்தில் ஏறிய பயணி, எங்களுக்குப் பொறுப்பில்லை' என்று உச்ச நீதிமன்றத்தின் ஆஷா ராணி தீர்ப்பை எடுத்துக் காட்டும். வண்டிக்காரர் வேறு, வேலை கொடுத்தவர் வேறு என்றால் குடும்பத்தின் பாடு இன்னும் கஷ்டம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாவட்டத் தலைநகரில், மனைவியைப் பறிகொடுத்த ஒரு அண்ணனோடு காவல் நிலையத்துக்குப் போனேன். அறிக்கையில் 'நடந்து சென்ற' என்று இருந்தது. 'கூட்டிக்கொண்டிருந்தார் என்று எழுதுங்கள் சார்' என்று கேட்டோம். 'அதெல்லாம் கோர்ட்ல பார்த்துக்கலாம்மா' என்றார் அங்கிருந்தவர். ஒப்பந்த நிறுவனத்தின் மேஸ்திரியோ, அன்று அந்த அம்மாவுக்கு ஷிஃப்டே கிடையாது என்றார். வருகைப் பதிவைக் கேட்டோம். மஸ்டர் ரோல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டதாம். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அந்த அம்மாவோடு வேலை பார்த்த இன்னொரு அக்காவின் போன். வருகைக்காக விடியற்காலையில் குழுவாக எடுத்து வாட்ஸ்அப்பில் போட்ட படம், நேரத்தோடு இருந்தது. அதை வைத்துத்தான் வாக்குமூலம் திருத்தி வாங்கினோம். அந்தப் படம் இல்லையென்றால் அவர் இன்றைக்கும் ஒரு பாதசாரி.

அந்த ஒரு வார்த்தைக்கு ஏன் இவ்வளவு போராட வேண்டும்? சட்டத்தைப் பாருங்கள். மோதிய வண்டி அடையாளம் தெரியவில்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டப்படி இறப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000. அதோடு முடிந்தது. அவர் தொழிலாளி, வேலையின்போது இறந்தார் என்று நிலைநாட்டினால் வேறு கதவுகள் திறக்கும். 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வரை, வேலையினாலும் வேலையின் ஊடேயும் நேர்ந்த விபத்துக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பு. அதற்கு வண்டி பிடிபட வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஒப்பந்ததாரர் கைவிரித்தால் முதன்மை வேலையளிப்பவரை, அதாவது நகராட்சியையோ நெடுஞ்சாலைத் துறையையோ கேட்கலாம். ஈ.எஸ்.ஐ.யில் பதிவு இருந்தால் சார்ந்தவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை, சராசரிக் கூலியில் 90 விழுக்காடு வரை. இத்தனையும் 'நடந்து சென்ற' என்ற இரண்டு வார்த்தையில் மூடப்பட்டுவிடுகிறது.

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சாலையின் பாதுகாப்புத் தரத்தைப் பேணத் தவறி அதனால் உயிர் போனால், அதற்குப் பொறுப்பான அதிகாரியோ ஒப்பந்ததாரரோ சுங்கச் சாலை நிறுவனமோ தண்டிக்கப்படலாம். கேட்க நன்றாக இருக்கிறது. தண்டனை என்ன? அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம். அதுவும் அரசு நிதியத்துக்குப் போகும், குடும்பத்துக்கு இல்லை.

இதில் நம் இயக்கங்களிடமும் சொல்ல ஒன்று இருக்கிறது. மலக்குழி மரணத்துக்கு எதிராக சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் 2003இல் உச்ச நீதிமன்றம் போனது. 2014இல் 10 லட்சம் என்று தீர்ப்பு வந்தது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமாக உயர்ந்தது. இருபது ஆண்டுக் கால விடாப்பிடியான போராட்டம், ஒவ்வொரு சாவையும் பெயரோடு எழுதி வைத்த உழைப்பு. குழிக்குள் இறங்கிச் சாவதைச் சாதிக் கொலை என்று நாட்டைப் பேச வைத்தோம். அதே தொழிலாளி, அதே சேரி, சில சமயம் அதே குடும்பம், குழிக்கு மேலே சாலையில் செத்தால் நாமே அதை 'விபத்து' என்கிறோம். பட்டியல் போடுவதில்லை, உண்மை அறியும் குழு போவதில்லை. 2001இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், தவிர்க்கக்கூடிய இவற்றை 'விபத்து' என்று எழுதமாட்டோம் என்று முடிவெடுத்தது. ஒரு மருத்துவ இதழுக்கு இருந்த உறுத்தல் நமக்கும் இருக்கலாம்.

ஒப்பந்தமயத்தையும் விட்டுவிட முடியாது. தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையில் 2002இல் சுமார் பத்தாயிரம் சாலைப் பணியாளர்களை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006இல்தான் திரும்ப எடுத்தார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாக அறிவிக்கச் சொல்லி சாலைப் பணியாளர் சங்கம் ஆண்டுக்கணக்காகப் போராடி வந்திருக்கிறது. அதற்கிடையே பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி, சாலைப் பராமரிப்பை மொத்தமாகத் தனியாருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தமாகக் கொடுக்கும் முறை வந்துவிட்டது. துறையின் ஆளாக இருந்தவருக்குக் குறைந்தபட்சம் கேங்கும், சாலை ஆய்வாளரும், கேட்க ஒரு சங்கமும் இருந்தது. இப்போது துணை ஒப்பந்ததாரருக்குத் துணை ஒப்பந்ததாரர். 2025 ஆகஸ்டில் சென்னையின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தது சம்பளத்துக்காக மட்டும் என்று நினைப்பவர்கள், அடிபட்டால் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்ற கேள்வியும் அந்தப் பந்தலில் இருந்தது என்பதைக் கவனிக்கவில்லை.

ஒப்பந்தத்தின் விலைப்பட்டியலில்தான் கை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. கோன், பலகை, விளக்கு, கொடி பிடிக்கும் ஆள், பின்னால் காவலுக்கு நிற்கும் வண்டி எல்லாவற்றையும் 'இதர செலவுகளில் அடங்கும்' என்று ஒரே வரியில் தள்ளினால், ஒப்பந்ததாரர் முதலில் மிச்சம் பிடிப்பது அதில்தான். தனித்தனி இனமாக, தனித்தனி விலையோடு எழுத வேண்டும். வைத்த நாளுக்குப் பணம், வைக்காத நாளுக்குப் பிடித்தம். தார் எத்தனை கனமீட்டர் என்று அளந்து பில் போடுகிறவர்களுக்கு எத்தனை கோன் என்று எண்ணுவது பெரிய வேலை இல்லை.

சங்கங்களிலும் பகுதி அமைப்புகளிலும் இருக்கும் தோழர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் நகராட்சிக்கும் நெடுஞ்சாலைக் கோட்டத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் பணியின்போது வாகனம் மோதி இறந்த, ஊனமுற்ற நிரந்தர, ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் எந்தச் சட்டத்தின் கீழ் எவ்வளவு கொடுக்கப்பட்டது? நடப்பு ஒப்பந்தத்தில் பணியிடப் போக்குவரத்துப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, இதுவரை செலவானது எவ்வளவு? ரிஃப்ளெக்டர் கோட்டு கடைசியாக வழங்கிய தேதி என்ன, பெற்றவர்களின் கையொப்பப் பட்டியலின் நகல் கிடைக்குமா? பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பதில் 30 நாளில் வர வேண்டும். 'அத்தகைய பதிவேடு பராமரிக்கப்படவில்லை' என்று வந்தால் அந்தக் கடிதத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வழக்கு போடும்போது அதுவே முதல் ஆவணம்.